நாற்பத்தைந்தாம் நம்பர் ஜெட்

என் அத்தானுக்கு ‘முக்கால்’ என்று பேர் வைத்தவன் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. வைத்த பேர் அப்படி ஒட்டிக்கொண்டது. அக்கா கூப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், அத்தான் வேலை பார்த்த பஸ் டிப்போவில் வாசல் காவலாளி வரைக்கும் கூப்பிட்டார். அக்கா மகள் தன் போனில் அப்பா நம்பரை அந்தப் பேரில்தான் போட்டு வைத்திருக்கிறாள். கடைசியில் அவரே குடும்பக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும்போது ‘அன்புடன், முக்கால்’ என்று முடிக்க ஆரம்பித்துவிட்டார். உடனே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை அனுப்புவார்கள். நானும் அனுப்புவேன்.

முக்கால் என்றால் முக்கால் மெக்கானிக். அத்தானிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், பக்கத்துக்கு ஒரு சைலன்சர். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. சினிமா, சீட்டாட்டம், அரட்டை எதுவும் கிடையாது அவருக்கு. அதைக் கழற்றி மாட்டுவதுதான் எல்லாம். பிறகு ஒரு நாள் அது கெட்டுப்போனது. ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். சரிவரவில்லை. அப்போதுதான் ஒரு மதியச் சாப்பாட்டில், உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருக்கும்போது, நான் வாயைத் திறந்தேன்.

“அத்தான் முக்கால் மெக்கானிக். கழட்டுறது முழுசா தெரியும். மாட்டும்போதுதான் கால்வாசி வெளியிலேயே நின்னுடுது.”

சித்தப்பாவுக்குப் புரையேறியது. அத்தானும் சிரித்தார். அவர் கையில் அப்போது கரி, எவ்வளவு சோப்புப் போட்டும் நகத்துக்குள் நின்ற கரி.

அந்த வண்டியைக் கெடுத்தவன் நான். இதை இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. கட்டின மனைவியிடம்கூட.

எனக்கு அப்போது இருபது வயது. காலேஜ் பக்கம் என்பதால் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தங்கி என்றால், அத்தான் சம்பளத்தில் மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கத் தின்றுகொண்டு. ஒரு முறை அத்தான் பயிற்சி என்று ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. தொடாதே என்று அத்தான் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. தொட மாட்டேன் என்று நம்பியிருந்தார், அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போய்க் காலேஜ் வாசலில் மூன்று சுற்றுச் சுற்றினேன். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது வலது பக்கச் சிலிண்டர் செத்து, வண்டி நொண்டி, வீட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது நின்றேவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன்.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒன்று இருக்கும். சின்னப் பித்தளைத் திருகாணி, நடுவில் தலைமுடி போகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டைதான் பெட்ரோலை அளந்து விடும். ஓட்டை எவ்வளவு பெரிது என்பதை அதன் தலையிலேயே நம்பராகப் பொறித்திருப்பார்கள். அத்தான் வேலை செய்வதை வேடிக்கை பார்த்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கழற்றினேன். வலது பக்க ஜெட் அடைத்திருந்தது. ஊதினேன், விடவில்லை. அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். அவள் மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றி ஓட்டைக்குள் விட்டுத் திருகினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினேன். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. மாட்டி உதைத்தேன், வண்டி கிளம்பியது. என் முதுகில் நானே தட்டிக்கொண்டு சாவியை ஆணியில் மாட்டினேன்.

ஊரிலிருந்து வந்த அத்தான் வண்டியை உதைத்துப் பத்து நொடி காது கொடுத்தார். வலது பக்கம் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது என்றார். பத்தே நொடி. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் பட்ட பாடு. வலது பக்க பிளக் வாரம் ஒரு தடவை கரி பிடித்தது. பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், சிலிண்டரைத் திறந்து ரிங் மாற்றினார். ஜெட்டையும் கழற்றிப் பார்த்தார், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. பூதக்கண்ணாடி வைத்து நம்பரைப் படித்தார். வலது நாற்பத்தைந்து. இடது நாற்பத்தைந்து. இரண்டும் ஒன்று என்று திரும்ப மாட்டிவிட்டார். அவர் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தவர். பொருளின் மேல் என்ன நம்பரோ அதுதான் பொருள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுக்கிற மனிதர் வேறு எப்படி யோசிப்பார்? ஒரு மெக்கானிக் சந்தேகப்பட்டிருப்பான். கிடங்குக்காரர் நம்பினார்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பீர்கள். ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. காலேஜ் தெருவில் வண்டி ரிப்பேர் செய்கிறவர் ஒரு வாடிக்கையாளரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். ஜெட்டுக்குள் ஊசி விடுகிறவன் வண்டியை ஓட்டவே கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும், நம்பர் மட்டும் அப்படியே இருக்கும், எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். பாப்பா பிறக்கட்டும் என்று தள்ளினேன். பாப்பா பிறந்தாள். அதற்குள் அத்தான் ரிங் வரைக்கும் மாற்றிவிட்டார், இனி சொன்னால் அந்தச் செலவும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் என் தலையில் விழும் என்று பயம். அந்தப் பயத்தில்தான் அந்த ஜோக்கைச் சொன்னேன். ஒருத்தரைப் பார்த்து எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

வண்டி மட்டும் என்றால் போகட்டும். அத்தான் அந்தச் சமயத்தில் வேலையை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் போடுவதாக இருந்தார். டிப்போ வெல்டர் ஒருவர் கூட்டு. இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஒரு நாள் வெல்டர் வந்து, சொந்த வண்டியையே ஓடவைக்க முடியாதவர் கடைக்கு யார் வண்டி கொடுப்பார்கள் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ‘முக்கால்’ என்ற பேர் அதற்குள் டிப்போ வரை போயிருந்தது. கொண்டுபோனது யார் என்று தெரியாது, உற்பத்தி செய்தது நான். அத்தான் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினார். அதற்குப் பிறகு ஒழுகுகிற குழாயைக்கூட அவர் தொட்டதில்லை. அக்கா தொட விட்டதுமில்லை. முப்பத்துச் சொச்ச வருஷம் மற்றவர்களுக்கு உதிரிபாகம் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றார்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் கொஞ்சம் சிரிக்கலாம். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் எழுதுகிறேன். யாரால் ஏற்பட்டது என்று எழுதாமல் விடுவதுதான் அதில் உள்ள திறமை. அந்தத் திறமைக்காக இரண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன்.

இந்த வருஷம் அக்கா மகள் அந்தத் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். வயது இருபத்தேழு, வீட்டில் இன்னும் பாப்பாதான். ஒரு தொழிற்சாலையில் அளவு சோதிக்கிற பிரிவில் வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் திருப்பி அனுப்புகிற ஆள். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது, இந்த வண்டியை ஓடவைத்து வேலைக்குப் போகப்போகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்க ஷெட்டில் உட்கார்ந்துவிடுவாள். டேங்குக்குள் துருவை ஆணியும் டீசலும் போட்டுக் குலுக்கி எடுத்தாள். இறுகிப்போன பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தாள். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி காய்ந்து கிடந்தது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருப்பார். ஆனால் ஒரு திருகாணியைத் திருப்பச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

நானும் வாராவாரம் போனேன். பாசத்தில் போகிறேன் என்று அக்கா நினைத்தாள். திருடன் திருடின வீட்டுப் பக்கமே சுற்றுவான் என்பார்களே, அந்தச் சங்கதி. ஜெட்டைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை, வேலையிடத்திலிருந்து இரவல் வாங்கிய ஒரு சின்னப் பெட்டியை அவள் திறந்தாள். உள்ளே நம்பர் போட்ட மெல்லிய கம்பிகள், ஓட்டையின் அளவு பார்க்க. இடது ஜெட்டில் நாற்பத்தைந்தாம் கம்பி கச்சிதமாகப் போய் நின்றது. வலது ஜெட்டில் அது தொளதொளவென்று ஆடியது. ஐம்பது போனது. ஐம்பத்தைந்து போனது. அறுபதில்தான் பிடித்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, யாரோ இதுக்குள்ள ஊசி விட்டு நோண்டியிருக்காங்க. ஓட்டை முட்டை மாதிரி கோணலா இருக்கு. ஒரு வருஷம் நீங்க வண்டியெல்லாம் பிரிச்சுப் பார்த்தது இந்தக் கடுகுக்காகத்தான்.”

அத்தான் ஜெட்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் முந்திக்கொண்டார்.

“நான்தான் விட்டிருப்பேன். வேற யாரு தொட்டா?”

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சுத்தான். அக்கா மீனை எனக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தபடியே, என் மெஷின் ஊசியை எடுத்துத் தானே ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டுத் தானே ஒரு வருஷம் தேடின புண்ணியவானைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன் என்றாள். பாப்பா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள். அத்தானும் கூடவே சிரித்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“நல்லவேளை, கடை போடலை. எத்தனை பேர் வண்டியைக் கெடுத்திருப்பேனோ.”

ஜோக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே தப்பித்தோம் என்கிற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. கடை போடாமல் போனதை இத்தனை வருஷம் உள்ளே ஒரு குறையாகவாவது வைத்திருந்தார், இன்றைக்கு அந்த ஆசையே தப்பு என்று தள்ளிவிட்டார். எனக்கு வாயில் வைத்தது இறங்கவில்லை. மீன் முள் என்று சொல்லி எழுந்துபோய்க் கை கழுவினேன். அக்கா பின்னாலேயே வந்து முதுகை நீவிவிட்டாள். அவள் கை பட்டபோது உடம்பு கூசியது.

அந்த வாரம் அலுவலகத்தில் ஒரு கடிதமும் ஓடவில்லை. ‘ஏற்பட்ட சிரமத்துக்கு’ என்று எழுதுவேன், அடுத்த வரி வராது. புதன்கிழமை ஒரு தாளை எடுத்து அத்தானுக்கே எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்துப் படித்தால் அதிலும் யார் செய்தது என்று தெளிவாக இல்லை. கை பழகிவிட்டது. கிழித்துப் போட்டேன். எதிரே உட்கார்ந்திருக்கும் கிளார்க் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன், பாவம்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது புது ஜெட் வந்திருந்தது. பாப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து ஒயர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் எனக்குத் தைரியம் வராது என்று நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சாவி, காலேஜ் வாசல், தள்ளிக்கொண்டு வந்தது, ஊசி, ரிப்பேர்க்காரர் சொன்னது, அதைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது, அந்தப் பேரை வைத்தது எதற்காக என்பது. ஒன்றையும் விடவில்லை.

அத்தான் எழுந்து என் தோளைத் தட்டினார்.

“எதுக்கு மாப்ளே நீ உன் தலைல போட்டுக்கிறே? பாப்பா சிரிச்சா, உங்க அக்கா சிரிச்சா, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை. போ, காபி குடி.”

நான் நம்பவைக்கப் பார்த்தேன். சத்தியமாக நான்தான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். உன் மனசு எனக்குத் தெரியாதா என்றார்.

அவமானம் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திட்டு வாங்கப் போனவனுக்கு நல்ல பேர் கிடைத்தது. விட்டுவிடக் கூடாது என்று சமையலறைக்குப் போய் அக்காவிடமும், தலை துவட்டிக்கொண்டு வந்த பாப்பாவிடமும் இதையே சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கியது. அத்தான் முகம் வாடக்கூடாது என்று தம்பி எப்படியெல்லாம் பேசுகிறான் பார் என்று மகளிடம் காட்டினாள். புகார்ப் பிரிவில் மற்றவர்கள் செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு மாமாவுக்கு இது வியாதியாகிவிட்டது என்றாள் பாப்பா. காபியில் எனக்குச் சர்க்கரை கூடப் போட்டிருந்தார்கள்.

நான் அந்த வீட்டில் எவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. இருபத்தேழு வருஷம் ஒரு மனிதரை முக்கால், முக்கால் என்று சொல்லி, கடைசியில் உண்மையே வந்து கதவைத் தட்டினாலும் அவரே திறக்கமாட்டேன் என்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

பாப்பா புது ஜெட்டை மாட்டி, பெட்ரோல் விட்டு, ஏழாவது உதையில் வண்டியைக் கிளப்பினாள். ஷெட் முழுக்கப் புகை. வண்டி உயிரோடு இருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பாட்டுப் பாடியது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி வைக்க வேண்டும். அதற்கு அவள் இரண்டு முள் கேஜ் கொண்டுவந்திருந்தாள். பக்கத்துக்கு ஒரு ரப்பர்க் குழாய் செருகி, இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும்வரை திருக வேண்டும் என்றாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

“நீ பண்ணாதே, அத்தான் பண்ணட்டும்” என்றேன்.

அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளிடம் மெஷின் இருக்கும்போது எனக்கு எதற்கு என்றார். அக்கா வாசலிலிருந்து, ஓடுகிற வண்டியை ஓடவிடுங்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வந்த கோபம்தான், ஆனால் வெளியே வரும்போது அவர் மேல் போய் விழுந்தது. அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

“ஒரே ஒரு தடவை பண்ணுங்க அத்தான். வரலைன்னா நான் சொன்னது பொய்யின்னு வச்சுக்கங்க. அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

பாப்பா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு கேஜை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய், முள் தன் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். வண்டியை நிறுத்தினாள்.

அத்தான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினார். ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கத்து ஏர் ஸ்க்ரூவையும் கடைசி வரை மெதுவாக உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். கார்புரேட்டர் வாய்க்குள் பக்கத்துக்கு ஒரு விரலை வைத்து, பாப்பாவை ஆக்ஸிலரேட்டரை முறுக்கச் சொன்னார். இடது பக்க வால்வு முதலில் தூக்கியது போலிருக்கிறது. வலது பக்கக் கேபிளை ஒரு மரை இறுக்கினார். திரும்ப முறுக்கச் சொன்னார். அதற்குள் எங்களைத் திரும்பிப் பார்ப்பதை விட்டிருந்தார். எப்போது விட்டார் என்று நான் கவனிக்கவில்லை.

வண்டி கிளம்பியது. கேஜில் இரண்டு முள்ளும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டதுபோல எட்ட எட்ட நின்றன. அத்தான் பின்பக்கம் போய் வலது சைலன்சருக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். இடதுக்குக் காட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். வந்து இடது பக்கம் கொஞ்சம் திருகினார், திரும்பப் பின்னால் போனார். இப்படி ஐந்தாறு தடவை. முட்கள் நெருங்கி நெருங்கி வந்தன. ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே கோட்டில் வந்து நின்றதைப் பார்த்துப் பாப்பா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“அப்பா, போதும். ரெண்டும் ஒண்ணா நிக்குது.”

“இல்லை. வலதுல இன்னும் ஒரு மயிரிழை இருக்கு.”

ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டார், திருப்பினாரா என்றே தெரியவில்லை. வலது முள்ளில் நாங்கள் பார்க்காமல் விட்ட ஒரு சின்ன நடுக்கம் இருந்திருக்கிறது. அது நின்றது. வண்டிச் சத்தம் ஒரே சத்தமாகியது.

பாப்பா கேஜை அப்பா பக்கம் திருப்பினாள். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார். பழந்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“நான் ஜெட்டை ஊதித்தானே சுத்தம் பண்ணுவேன்,” என்றார் மெதுவாக. “வராட்டி பெட்ரோல்ல ஊறப்போடுவேன். ஊசி விடவே மாட்டேனே. பித்தளையில யாராவது ஊசி விடுவாங்களா?”

அக்கா ஈரக் கையோடு ஷெட் வாசலில் நின்றிருந்தாள். அவள் அத்தானைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அப்ப நிஜமாவே நீதானா?”

தலையாட்டினேன். அவள் இன்னும் ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. பாப்பா தரையில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து எதையோ மாற்றிக்கொண்டிருந்தாள், முகம் சிவந்திருந்தது. நான் வந்த காரியம் நடந்துவிட்டது. என்னை நம்பிவிட்டார்கள். இந்த நம்பிக்கைக்காகத்தான் காலையிலிருந்து கெஞ்சினேன், கிடைத்ததும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்க எனக்கு இடம் போதவில்லை.

அத்தான் மட்டும் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வண்டிக்கு முன்னால் குந்தியபடி இருந்தார். வயது அறுபத்தொன்று, தலை முழுக்க நரை, சட்டையில் எண்ணெய்.

“அப்ப எனக்கு வேலை தெரிஞ்சிருக்கு” என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை, தனக்கே கேட்காத குரலில், “தெரிஞ்சிருக்கு” என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

அவர் காலடியில் உட்கார்ந்தேன். அத்தான் என்று கூப்பிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிற வார்த்தை, அன்றைக்கு வாயில் வரவே மாட்டேன் என்றது. அவர் என் பக்கம் கையை மட்டும் காட்டி நிறுத்தினார். வேலை நடுவில் குறுக்கே பேசுகிறவனை நிறுத்துவது போல.

“நீ இரு. உன்கிட்ட அப்புறம் வரேன்.”

எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, வண்டியை உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.